செவலை எத்தனை கலோரி?

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. டயட்டீஷியனும் இல்ல. படிச்சது மெக்கானிக்கல், பொழைப்பு சாஃப்ட்வேர். இதைப் படிச்சிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க மக்களே.

போன பௌர்ணமிக்கு கிரிவலம் முடிச்சிட்டு வந்து, வெந்நீர்ல காலை விட்டுக்கிட்டு உட்கார்ந்து, கையில கட்டியிருந்த வாட்சைப் பார்த்தேன். 1,180 கலோரி எரிச்சிருக்கேனாம். பட்டாசெல்லாம் வெடிச்சுக் காட்டுச்சு. ஒரு நாளைக்கு நான் சாப்பிடலாம்னு ஆப் எனக்கு அளந்து வெச்சிருக்கறதே 1,900 தான். அதுல பாதிக்கு மேல ஒரே ராத்திரியில எரிச்சிட்டேன்னா சும்மாவா? அண்ணாமலையாரே நேர்ல வந்து தோள்ல தட்டின மாதிரி இருந்துச்சு.

வேங்கிக்கால்ல குடியிருக்கறவனுக்கு கிரிவலம்ங்கறது பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி. பத்திரிகை வெச்சாலும் வெக்காட்டியும் போயாகணும். வேலூர் ரோட்டுல கலெக்டர் ஆபீஸ் இருக்கே, அந்த ஏரியா தான் நம்மளது. டவுனுக்கு ஒட்டின மாதிரி. 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம், வெறுங்கால். கடைசியில ஈசான்ய லிங்கம் வந்துட்டா எனக்கு வீட்டு வாசனை அடிக்க ஆரம்பிச்சிடும். சின்ன வயசுல அம்மா இடுப்புல உட்கார்ந்துக்கிட்டே பாதி தூரம் சுத்தியிருக்கேன் (அந்தக் கலோரி யார் கணக்கு?).

சரி, மேட்டருக்கு வருவோம். 28 வயசுல எனக்கு எதுக்கு இந்த வாட்சும் ஆப்பும்? கம்பெனியில வருஷா வருஷம் எடுக்கற செக்கப்ல, வயித்துல ஜெல்லைத் தடவி ஸ்கேன் பண்ணின பொண்ணு, "ஃபேட்டி லிவர், கிரேட் ஒன்"னு சாதாரணமா சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுடுச்சு. எடை 84. ஒரு துளி சரக்கு அடிச்சதில்ல, எனக்குப் போய் ஈரல்ல கொழுப்பான்னு நொந்துக்கிட்டு அன்னிக்கு ராத்திரியே ஆப்பை இறக்கினேன். எனக்கு ஆப்பு வெச்சதும் அதே ஆப் தான்.

ஆப் முதல்ல ஒரு கேள்வி கேக்கும். 'உங்க அன்றாட வாழ்க்கை எப்படி? நாள் பூரா உட்கார்ந்தே இருப்பீங்களா, கொஞ்சம் நடமாடுவீங்களா, நல்லா ஓடியாடி வேலை செய்வீங்களா?' நான் கொஞ்சம் மானஸ்தன். உட்கார்ந்தே இருப்பேன்னு ஒத்துக்க மனசு வரல. 'கொஞ்சம் நடமாடுவேன்'ல ஒரு டிக் அடிச்சேன். அப்புறம் தினமும் செஞ்ச வேலையை எல்லாம் ஏத்த ஆரம்பிச்சேன். மொட்டை மாடி பெருக்கினேன், 20 நிமிஷம், 92 கலோரி. தண்ணி கேன் மாடிக்குத் தூக்கினேன். வண்டி பஞ்சராகி அரை கிலோமீட்டர் தள்ளினேன். ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல நிஜமாவே நின்னுக்கிட்டே பேசினேன், அதையும் போட்டேன். வெக்கமே இல்லாம, வெங்காயம் உரிச்சதைக்கூட 'சமையல், லேசான வேலை'ன்னு தேடிக் கண்டுபிடிச்சு ஏத்தினேன். ஏத்த ஏத்த ஆப் சாப்பாட்டுக் கணக்கைக் கூட்டிக்கிட்டே போகும். பெருக்கின 92க்கு ஒரு வாழைப்பழம். கேன் தூக்கினதுக்கு சாயங்காலம் ஒரு பஜ்ஜி.

ஒரு மாசம் கழிச்சு எடை பார்த்தா 84.6.

கோட் ஓடலைன்னா மெஷினைத் திட்டக்கூடாது, பக்கைத் தேடணும்னு வேலையில சேர்ந்த புதுசுல என் டீம் லீட் சொல்லுவார். தேடினேன்.

முதல் பக், தண்ணி கேன். இதுக்கு எந்த இணையதளமும் வேணாம், ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் போதும். கேன் 20 கிலோ, நான் 84, ஆக 104 கிலோவை ஒரு மாடி உயரம், அதாவது 3.3 மீட்டர் ஏத்தறோம். பெருக்கிப் பார்த்தா 3,360 ஜூல் சொச்சம். கலோரியில 0.8. நம்ம தசை, போட்ட எரிபொருள்ல அஞ்சுல ஒரு பங்கைத் தான் வேலையா மாத்தும், மிச்சம் சூடாப் போயிடும்னு வெச்சுக்கிட்டா மொத்தம் 4 கலோரி. நான் மூச்சு வாங்க, முதுகு பிடிக்க, படியில ரெண்டு தடவை நின்னு தூக்கிட்டு வந்த கேன், ஒரு மேரி பிஸ்கட்டுல ஆறுல ஒரு பங்கு! அதுக்குத் தான் நான் பஜ்ஜி சாப்பிட்டிருக்கேன். அவ்வ்வ்வ்.

ரெண்டாவது பக் தான் பெரிசு. என் வயசு, உயரம், எடைக்கு 'உட்கார்ந்தே இருப்பேன்'னு போட்டா ஆப் கொடுக்கறது 1,600 சொச்சம். 'கொஞ்சம் நடமாடுவேன்'னு போட்டா 1,900. அதாவது பெருக்கறது, படி ஏறுறது, கடைக்குப் போறது எல்லாத்துக்கும் சேர்த்து 300 கலோரியை அந்த ஒரு டிக்குக்கே முன்பணமாக் கொடுத்துட்டான். நான் அட்வான்ஸையும் வாங்கிக்கிட்டு, தினப்படி கூலியும் வாங்கியிருக்கேன். சுத்தமான டபுள் கவுண்டிங். ஆடிட்ல மாட்டியிருந்தா வேலை போயிருக்கும்.

மூணாவது ஒண்ணு இருக்கு, இதைப் பலபேர் கவனிக்கறதில்ல. இந்த ஆப்களுக்கெல்லாம் மூலம் ஒரு அட்டவணை. அமெரிக்காவுல பார்பரா ஐன்ஸ்வொர்த்தும் கூட இருந்தவங்களும் 1993ல் வெளியிட்டது, 2000, 2011, 2024ன்னு திருத்திக்கிட்டே வர்றாங்க. தூங்கறதுல இருந்து சண்டை போடற விளையாட்டு வரைக்கும், சாமி கும்பிடறதுக்குக்கூட தனித் தலைப்பு போட்டு, ஒவ்வொண்ணுக்கும் 'மெட்'னு ஒரு எண். சும்மா உட்கார்ந்திருந்தா 1 மெட், அதாவது கிலோவுக்கு மணிக்கு சுமாரா 1 கலோரி. மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தா 3 மெட். இப்ப என் கிரிவலத்தைப் போடுங்க. மூணரை மணி நேரம், 84 கிலோ, 3 மெட். பெருக்கினா 882. வாட்ச் சொன்ன 1,180 அங்கேயே அடி வாங்குது. (2017ல் ஸ்டான்ஃபோர்ட்ல 60 பேருக்கு ஏழு வகை வாட்சைக் கட்டிப் பார்த்தாங்க. இதயத் துடிப்பை பெரும்பாலும் சரியா சொல்லுது. கலோரியில மட்டும், இருக்கறதுலயே நல்லதே சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம்.) அந்த 882லயும், நான் கிரிவலமே போகாம வீட்டுல கிடந்திருந்தாலும் அந்த மூணரை மணி நேரத்துல எரியப் போறது 294. அதைக் கழிச்சா 588. இது தான் கிரிவலத்தோட நிஜ லாபம்.

அன்னிக்கு நான் வழியில சாப்பிட்டது: அன்னதானத்துல ஒரு தொன்னை சாம்பார் சாதம், இன்னொரு இடத்துல லெமன் சாதம், மூணு டீ, மசால் பொரி, விடிகாலையில பொங்கல் வடை. எண்ணிப் பார்க்கவே பயமா இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை போற கிரிவலத்தை 30 நாளைக்குப் பிரிச்சா நாளைக்கு 20 கலோரி கூட இல்ல. மறுபடியும் மேரி பிஸ்கட் கணக்கு தான். அண்ணாமலையார் மோட்சம் கொடுப்பார், எடையைக் குறைக்கறேன்னு அவர் எப்பவும் சொன்னதில்ல.

அப்ப எதைத் தான் உடற்பயிற்சின்னு கணக்குல எடுக்கறது? ஒரு ரூல் வேணுமில்ல. வேர்த்தா பயிற்சின்னு வெச்சுப் பார்த்தேன். சித்திரை மாசம் திருவண்ணாமலையில ரசம் சாதம் சாப்பிட்டாலே வேர்க்கும். பத்து நிமிஷம் தொடர்ந்து செஞ்சா தான் பயிற்சின்னு வெச்சேன். உலக சுகாதார நிறுவனமே 2010ல் அப்படித் தான் சொல்லிட்டிருந்தது, 2020ல் அந்தப் பத்து நிமிஷத்தைத் தூக்கிட்டாங்க, துண்டு துண்டா செஞ்சாலும் உடம்புக்கு நல்லது தான்னு. ஷூ போட்டுக்கிட்டு செஞ்சா பயிற்சின்னு ஒரு ரூல் இருக்கு பாருங்க, யாரும் வெளியில சொல்ல மாட்டாங்க, ஆனா ஊர் முழுக்க அது தான் ஓடுது. எங்கப்பா ரிட்டயர்டு வாத்தியார். தினம் காலைல ஷூ மாட்டிக்கிட்டு நாப்பது நிமிஷம் நடந்துட்டு வருவார். அது வாக்கிங். வந்ததும் ஃபேன் போடணும், பேப்பர் கையில வரணும், காபி வரணும். அந்த நாப்பது நிமிஷத்துல அம்மா வீட்டுக்குள்ள எத்தனை தடவை நடந்தாங்கன்னு யாரும் கேக்கல. அது 'வேலை'.

கடைசியா நான் பிடிச்சு வெச்ச ரூல் இது: நான் ஆப் போடறதுக்கு முன்னாடியும் இதைச் செஞ்சிட்டு தான் இருந்தேனா? ஆமான்னா, சைபர். ஏன்னா அதை எல்லாம் செஞ்சிட்டிருந்தபோது தான் 84 கிலோ ஆனேன். புதுசா சேர்த்தது மட்டும் கணக்கு. 'உட்கார்ந்தே இருப்பேன்'னு மானத்தை விட்டு டிக்கை மாத்தினேன். பெருக்கறது, கேன், பஞ்சர், வெங்காயம் எல்லாம் அவுட். சாயங்காலம் வேலை முடிஞ்சு ஒரு மணி நேரம் வேகமா நடக்கறது மட்டும் உள்ள. அதுலயும் பாதியைத் தான் சாப்பாட்டுல திருப்பி எடுத்துப்பேன், வாட்ச் பொய் சொல்லும்னு தெரிஞ்சதால. நாலு மாசத்துல 79. ரூல் வேலை செஞ்சுது, தலைவர் ஹேப்பி.

இதோட நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அம்மாவுக்கு அடிக்கடி தாகமா இருக்கு, அசதியா இருக்குன்னு ரத்தம் டெஸ்ட் எடுத்தோம். மூணு மாச சராசரி சுகர் 7.4. டாக்டர் நல்ல மனுஷர், பொறுமையா பேசினார். மாத்திரை எழுதிட்டு, "எக்சர்சைஸ் ஏதாவது பண்றீங்களாம்மா?"ன்னு கேட்டார்.

"காலைல எழுந்ததுல இருந்து வீட்டு வேலை தாங்க. உக்காரவே நேரம் இல்ல."

"வீட்டு வேலை எக்சர்சைஸ்ல சேராதும்மா. தினம் அரை மணி நேரம் தனியா நடங்க."

நான் பக்கத்துல உட்கார்ந்து மண்டையை மண்டையை ஆட்டினேன். என் ரூலும் அதே தானே! ஏற்கெனவே செஞ்சிட்டிருக்கறது சைபர்.

ஆட்டோவுல வரும்போது அம்மா பேசவே இல்ல. வீட்டு வாசல்ல இறங்கி செருப்பைக் கழட்டும்போது தான், "அப்ப இத்தினி வருசமா நான் செஞ்சதெல்லாம் இன்னாடா?"ன்னாங்க. கோவமா கேக்கல. கோவமா கேட்டிருந்தா ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

ராத்திரி தூக்கம் வரல. மறுபடியும் பக் தேடற புத்தி. அம்மாவோட ஒரு நாளை அதே அட்டவணையில போட்டுப் பார்த்தேன் (2011 பட்டியல்). சமையல், 2 மெட். பாத்திரம் கழுவறது 1.8. வாஷிங் மெஷின்ல துணி போட்டு எடுக்கறது 2. டிவி சீரியல், சொல்லவே வேணாம். மிதமான உடற்பயிற்சின்னு சொல்ல 3 மெட் வேணும். பெருக்கறது மட்டும் தான் 3.3, அதுவும் நாளைக்கு இருபது நிமிஷம். ஆக டாக்டர் சொன்னது சரி தான்.

ஆனா அம்மா பொய் சொல்ற ஆள் இல்லையே.

அப்ப தான் செவலை ஞாபகம் வந்துச்சு.

2021 வரைக்கும் எங்க வீட்டுப் பின்னாடி கொட்டாய்ல ரெண்டு மாடு இருந்துச்சு. செவலை ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. அம்மா நாலரை மணிக்கு எழுந்து சாணி அள்ளி, கொட்டாயைக் கழுவி, ரெண்டையும் கறந்து, பால் சொசைட்டிக்குத் தூக்கிட்டுப் போய் ஊத்திட்டு வருவாங்க. பகல்ல போய் புல்லு அறுத்துத் தலைச்சுமையா கொண்டு வரணும். தவிடு, புண்ணாக்கு கலக்கணும், தண்ணி காட்டணும், வரட்டி தட்டணும். சாயங்காலம் மறுபடியும் கறவை, மறுபடியும் சொசைட்டி. என் இன்ஜினியரிங் ஃபீஸ்ல நாலுல மூணு பங்கு அந்த ரெண்டு மடியில இருந்து வந்தது.

கொரோனாவுல ஒர்க் ஃப்ரம் ஹோம்னு ஊருக்கு வந்தேன். கண்ணு முன்னாடி அம்மா இப்படி உழைக்கறதைப் பார்க்க முடியல. கிளையண்ட் கால்ல இருக்கும்போது செவலை பின்னாடி கத்தும், அதுவும் ஒரு காரணம்னு இப்ப ஒத்துக்கறேன். "நான் தான் சம்பாதிக்கிறேனே, இன்னும் எதுக்கும்மா கஷ்டம்? உக்காரு"ன்னு சொல்லி ரெண்டையும் வித்தேன். அம்மா வேணாம்னு சொல்லல. விக்கிற அன்னிக்கு கொட்டாய்ப் பக்கமே வரல, அவ்வளவு தான். மாடு வித்த காசுல கொஞ்சம் போட்டு வாஷிங் மெஷின் வாங்கினேன். பெருமையா ஸ்டேட்டஸ் எல்லாம் வெச்சேன்.

அந்த ராத்திரி அதையும் அட்டவணையில தேடினேன். கையால துணி துவைச்சுக் காயப்போடறது 4 மெட். மாடு கையால கறந்து சொம்பு கழுவறது மூணரை! (மெஷின் வெச்சு கறந்தா அதுல பாதிக்கும் கீழ.) எவனோ ஒரு அமெரிக்காக்காரன் மாட்டு மடிக்கும் ஒரு எண் போட்டு வெச்சிருக்கான், எனக்கு அது தோணல. தினம் நாலு மணி நேரமாவது அம்மா 3 மெட்டுக்கு மேல இருந்திருக்காங்க. உலக சுகாதார நிறுவனம் ஊர் ஊராக் கணக்கெடுக்க வெச்சிருக்கற கேள்வித்தாள்ல, 'வேலை'ங்கற தலைப்புலயே சம்பளம் இல்லாத வேலை, வீட்டு வேலை எல்லாம் சேரும்னு எழுதியிருக்கு. அதே கேள்வித்தாளை வெச்சு தான் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்துக்காரங்க ஐ.சி.எம்.ஆரோட சேர்ந்து தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர்ல எடுத்து 2014ல் வெளியிட்டாங்க. பாதிக்கு மேல, 54 சதவீதம் பேர் போதுமான உடலுழைப்பு இல்லாதவங்க. பொழுதுபோக்கா, பயிற்சின்னே உடம்பை அசைக்கறவங்க பத்து சதவீதத்துக்கும் கீழ. அப்ப மிச்சம் இருக்கற உழைப்பாளிங்க யாரு? பெரும்பாலானவங்க எங்கம்மா மாதிரி கேஸு. அவங்க வேலையை எடுத்துட்டா வேற எதுவும் கிடையாது.

இன்னொரு கூத்தையும் சொல்லணும். எந்தத் தொழில் எந்த வகை உழைப்புன்னு ஐ.சி.எம்.ஆர். பேர்ல ஒரு பட்டியல் நம்ம சத்துணவுப் பாடப் புத்தகங்கள்ல காலங்காலமா வருது. என் அத்தை பொண்ணு ஹோம் சயின்ஸ் படிச்சப்ப அதை மனப்பாடம் பண்ணிட்டிருந்தா. பெண்கள்ல டீச்சர், தையல்காரம்மா, இல்லத்தரசி எல்லாம் 'உட்கார்ந்த வேலை'. வீட்டு வேலை செய்யற பணிப்பெண் 'மிதமான வேலை'. அதே பாத்திரம், அதே விளக்குமாறு. சம்பளம் கொடுத்தா ஒரு படி மேல, கொடுக்காட்டி ஒரு படி கீழ! ஆப் எழுதினவனை மட்டும் குறை சொல்லி என்ன பண்றது.

அந்தப் படிக்கு எத்தனை கலோரின்னும் இருக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (1918ல் நம்ம குன்னூர்ல சின்னதா ஆரம்பிச்சு, 1958ல் ஹைதராபாத் போனது) 2020ல் கொடுத்த கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலைன்னா நாளைக்கு 1,660 கலோரி. மிதமான வேலைன்னா 2,130. வித்தியாசம் 470.

என் கிரிவலக் கணக்கை அதே 55 கிலோவுக்குப் போட்டேன். 385 வந்துச்சு.

ரெண்டு எண்ணையும் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். தோராயக் கணக்கு தான், முன்ன பின்ன இருக்கும். ஆனாலும் 470 பெரிசு, 385 சின்னது. அம்மா தினம் ஒரு கிரிவலத்துக்கு மேல போயிட்டிருந்திருக்காங்க, கொட்டாய்க்கும் சொசைட்டிக்கும் நடுவுல. 2021ல் நான் அதை நிறுத்திட்டேன்.

என் ரூல்ல தப்பு எங்கன்னு அப்ப தான் புரிஞ்சுது. ஏற்கெனவே செய்யறது சைபர்னு போட்டேன் இல்ல? சேர்த்தா கூட்டலாம், சரி. நிறுத்தினா? கழிக்கணுமே! என் ஆப்ல கழித்தல் காலம் கிடையாது. இன்னிக்கு செய்யாம விட்ட வேலைன்னு யாரும் ஒரு வரி ஏத்தறதில்ல. வாஷிங் மெஷின் வாங்கின அன்னிக்கு, கேஸ் அடுப்பு வந்த அன்னிக்கு, மாட்டை ஓட்டிட்டுப் போன அன்னிக்கு, ஏதாவது ஒரு ஆப் 'டிங்'னு ஒரு சத்தம் கொடுத்து இனிமே சோத்துல ரெண்டு கரண்டி குறைன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. பசியாவது சொல்லணுமில்ல, அதுவும் சொல்லாது போல. 1956ல் ஜீன் மேயர்னு ஒருத்தர், வங்காளத்துக்காரங்க ரெண்டு பேரோட சேர்ந்து, மேற்கு வங்கத்துல ஒரு சணல் மில்லுல 213 பேர் சாப்பாட்டையும் எடையையும் பார்த்தார். உழைக்கறவங்க எல்லாம் உழைப்புக்குத் தகுந்த மாதிரி சாப்பிட்டாங்க, எடை பெருசா மாறல. வேலை குறைஞ்சா சாப்பாடும் குறையணும் தானே? ஒரு அளவுக்கு மேல குறையல. நாள் பூரா உட்கார்ந்தே இருந்தவங்க, லேசான வேலை செஞ்சவங்களை விட ஜாஸ்தியா சாப்பிட்டு, எடையும் ஜாஸ்தியா இருந்தாங்க. அம்மா தட்டும் 2021க்கு அப்புறம் சின்னதாகல. மாடு கறந்துட்டு வந்து சாப்பிடற அதே அளவு, அதே பழைய சோறு.

சுகருக்கு மாடு வித்தது தான் காரணம்னு நான் சொல்ல வரல. எங்க பாட்டிக்கும் சுகர், மாமாவுக்கும் சுகர். வயசும் ஆகுது. டாக்டர் கிட்ட கேட்டாலும் அப்படி ஒத்தைக் காரணம் சொல்ல மாட்டார். டாக்டர் இன்னிக்குப் பார்த்த அம்மாவுக்கு அவர் சொன்னது சரி. 2020ல் போயிருந்தா அதே வாக்கியம் தப்பு. அம்மாவுக்குத் தெரிஞ்சது 2020 அம்மாவை. நடுவுல வேலை குறைஞ்சது அவங்களுக்கே தெரியல, ஏன்னா நேரம் குறையல. பாருங்க, இப்பவும் அம்மா நாலரைக்கு எழுந்துடறாங்க.

சரி, நடக்கறதுக்கு என்ன பண்றது? முதல் நாள் நான் ஷூ வாங்கிக் கொடுத்தேன். "கட்டின புடவையோட பூட்ஸா? தெருவுல சிரிக்க மாட்டாங்க?"ன்னு பெட்டியோட பரண்ல ஏத்திட்டாங்க. செருப்போட கிளம்பினா, நாலு வீடு தாண்டறதுக்குள்ள, "எங்கக்கா கிளம்பிட்ட, ஆஸ்பத்திரிக்கா?"ன்னு ஒரு குரல். சும்மா நடக்கறேன்னு சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். அம்பது வயசுக்கு மேல ஒரு பொம்பளை காரணமே இல்லாம ரோட்டுல நடக்கறதா? ரெண்டாவது நாள்ல இருந்து கையில ஒரு கட்டைப்பையை எடுத்துக்கிட்டாங்க. யாராவது கேட்டா "கறிவேப்பிலை வாங்க"ன்னுடுவாங்க. சொன்னதுக்காக வாங்கவும் செஞ்சாங்க. ஒரு வாரத்துல ஃப்ரிட்ஜ் முழுக்க கறிவேப்பிலை. தினம் கறிவேப்பிலை துவையல். நானும் அப்பாவும் பேசாம சாப்பிட்டோம்.

ரெண்டு வாரத்துல அதுவும் நின்னு போச்சு. முட்டி வலிக்குதாம்.

அப்புறம் போன மாசம் ஒரு நாள் காலைல அஞ்சு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். அம்மா வீட்டுல இல்ல. அப்பா குறட்டை. பதறிப் போய் வெளியில வந்து பார்த்தா, தெருக்கோடி வீட்டுக் கொட்டாய்ல விளக்கு எரியுது. அந்த வீட்டு அக்காவுக்கு கை எலும்பு முறிஞ்சு கட்டு போட்டிருக்கு. அவங்க மாட்டுக்கு அம்மா சாணி அள்ளிட்டிருக்காங்க. பத்து நாளாவே போறாங்களாம். எங்கிட்ட சொன்னா திட்டுவேன்னு சொல்லலையாம். முட்டி வலிக்கலையான்னு கேட்டேன். "நடந்தா தாண்டா வலிக்குது"ன்னாங்க. இதுக்கு எந்த ஃபிசிக்ஸும் எங்கிட்ட இல்ல.

அன்னிக்கு சாயங்காலம் மாடிப்படியில உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிட்டிருந்தாங்க. நான் பக்கத்துல போய் உட்கார்ந்து, அட்டவணை, மெட், ஹைதராபாத், கிரிவலம்னு எல்லாத்தையும் சொன்னேன். மாட்டை வித்தது தப்புன்னு சொல்ல வாய் வரல, எண்ணாவே சொன்னேன். பாதி புரிஞ்சிருக்கும்.

"அப்ப செவலைக்கு எவ்ளோ வருது?"

"ரெண்டு மாட்டுக்கும் சேர்த்து 470ம்மா."

அம்மா ஒரு வெண்டைக்காயை நுனி ஒடிச்சுப் பார்த்துட்டு முத்தல்னு ஓரமாப் போட்டாங்க.

"கறுப்புக்கு வேணா கம்மியா போட்டுக்க. செவலைக்குக் கூட போடுடா. அது கறக்கும்போது உதைக்கும்."